வலது பக்கத்துப் பூ

எங்கள் தெருவில் பெண் எடுப்பதா வேண்டாமா, கடையை மாற்றுவதா வேண்டாமா, ஊருக்குக் கப்பல் ஏறுவதா வேண்டாமா என்று யாருக்குக் குழப்பம் வந்தாலும் என் அக்காவைத் தேடி வருவார்கள். அவளுடைய அறிவைத் தேடி அல்ல. அவளுக்கு அறிவு இல்லை என்று நம்பியதால்தான் வந்தார்கள்.

பூப்போட்டுப் பார்ப்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளை இருந்தால் நினைத்த காரியத்தைச் செய்யலாம், சிவப்பு இருந்தால் விட்டுவிட வேண்டும். எடுப்பதற்குச் சூது வாது தெரியாத ஒரு கை வேண்டும். மற்ற இடங்களில் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். கடல் தாண்டி வந்து நாங்கள் குடியேறிய தீவில், ஜார்ஜ் டவுனில் எங்கள் தெருக்கோடியில் இருந்த அந்தச் சின்னக் கோயிலில் மட்டும் முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த என் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"ஒண்ணும் தெரியாத புள்ள. அது கையில ஆத்தாவே வந்து உக்கார்றா" என்பார் அங்கே பூசை செய்யும் பண்டாரம்.

ஆத்தா உட்கார்ந்த அந்தக் கைக்கு வீட்டில் என்ன மரியாதை என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். காலையில் எழுந்ததும் அத்தை அவளுக்குப் பாவாடையும் சட்டையும் எடுத்து மாட்டிவிடுவாள். முப்பது வயதுப் பெண்ணுக்குப் பாவாடை. கோப்பியைக் கையில் திணிப்பாள். தலையை வாரிப் பின்னி, ரிப்பன் கட்டி, வாசல் பலகையில் உட்கார வைப்பாள். ஊரார் கல்யாணத்தை எல்லாம் முடித்து வைத்த பெண், தனக்கு இட்லியா இடியப்பமா என்று சொன்னதில்லை. அவளிடம் யாரும் கேட்டதும் இல்லை.

அத்தை கெட்டவள் அல்ல. அப்பாவும் அம்மாவும் ஒரே காய்ச்சலில் அடுத்தடுத்துப் போனபோது, எங்கள் மூன்று பேரையும் வளர்க்க நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த அப்பாவின் விதவைத் தங்கை அவள். அண்ணன் மூத்தவன், ரயில்வேயில் சேர்ந்து, கல்யாணம் முடித்து, கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தான். அக்கா நடு. நான் கடைசி. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடத்துக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

அக்கா பிறவியிலேயே மந்தம். நடக்கவும் பேசவும் நாள் பிடித்ததாம். பிறகும் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. நாம் சொல்வதன் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வாள். "சாப்பிட்டியா, தூங்கப் போறியா?" என்றால் "தூங்க" என்பாள். சாப்பிடாமலேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்த நாட்களும் உண்டு. பசித்த வயிற்றோடு அவளும் சொன்னபடி படுத்திருப்பாள். 

இதை நான் கண்டுபிடித்தது ஒரு மழைநாளில். அத்தைக்கு உடம்பு சரியில்லை, அடுப்படி என் பொறுப்பு. "கோப்பி வேணுமா, தேத்தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். "தேத்தண்ணி" என்றாள். போட்டுக் கொடுத்தால் தொடவில்லை. எனக்குக் கோபம் ஏறியது. மறுபடி போய், "தேத்தண்ணிதானே கேட்ட? இல்ல, கோப்பியா?" என்றேன். "கோப்பி" என்றாள். கோப்பி போட்டேன். அதையும் தொடவில்லை. கையில் கரண்டியோடு நின்றபோதுதான் உறைத்தது. வகுப்பில் சின்னப் பிள்ளைகளும் இப்படித்தான். "இது ஆடா மாடா?" என்றால் "மாடு" என்பார்கள். "மாடா ஆடா?" என்றால் "ஆடு" என்பார்கள். படத்தில் இருப்பதோ பூனை.

வாயால் கேட்டால்தானே வம்பு என்று இரண்டு குவளைகளையும் அவள் முன்னால் வைத்தேன். ஒன்றை எடுத்தாள். மறுநாள் இடம் மாற்றி வைத்தேன். இப்போது மற்றதை எடுத்தாள். இரண்டு நாளும் எடுத்தது வலது பக்கத்தில் இருந்ததை. மூன்றாம் நாளும் வலதுதான். வெற்றிலை கொடுத்தாலும், வளையலைக் காட்டினாலும், வெறும் கூழாங்கல்லை வைத்தாலும் வலது பக்கம்தான், அதுவும் மின்னலாக. தாமதித்தால் திட்டு விழும் என்று பழகிய கை அது. எதையாவது எடுத்துவிட்டால் நம்மை விட்டுவிடுவார்கள் என்பது மட்டும் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கே எனக்குக் கோயில் ஞாபகம் வந்தது. வந்த ஞாபகத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். எத்தனை கல்யாணம்!

அதற்குப் பிறகு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காத்திருந்தேன். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது மலையைப் புரட்டுகிற வேலை. குவளைகளை வைத்துவிட்டு அவள் கையை மெல்லப் பிடித்துக்கொள்வேன். "அவசரமில்ல. மோந்து பாரு" என்பேன். ஒன்றை மூக்கருகே பிடிப்பேன், பிறகு மற்றதை. அவள் என் முகத்தையே பார்ப்பாள். எது சரி என்று என் முகத்தில் தேடுவாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோப்பி ஆறிப் போகும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும், உள்ளே எனக்குக் கொதிக்கும். பல காலைகள் இப்படி வீணாகப் போயின. அத்தை அடுப்படி வாசலில் நின்று, "ஏன்டி, கோப்பிக்குப் பூசையா பண்ற?" என்று கேட்டாள்.

பிறகு ஒரு நாள் அக்கா கோப்பியை முகர்ந்தாள். தேத்தண்ணியை முகர்ந்தாள். இரண்டு குவளைகளையும் புறங்கையால் என் பக்கம் தள்ளினாள். எழுந்து போய் அலமாரியில் இருந்த டின் பாலைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெந்நீரில் டின் பாலைக் கரைத்துக் கொடுத்தேன். நின்ற நிலையிலேயே குடித்தாள். அந்த வயது வரை அவளுக்குப் பிடிக்காத கோப்பியைத் தினமும் இரண்டு வேளை ஊற்றியிருக்கிறோம். கையில் திணித்ததால் அதையும் முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறாள். அத்தையிடம் சொன்னபோது நம்பவில்லை. "பாலு இனிப்பு, அதான் காட்டியிருக்கும். அதுக்கு என்னா தெரியும்?" என்றாள்.

"உங்களுக்கும் கோப்பியில சீனி அதிகமாத்தானே வேணும் அத்தை? அதுவும் தெரியாமத்தான் கேக்கறீங்களா?" என்றேன். 

டின் பாலில் தொடங்கியது அங்கேயே நிற்கவில்லை. அக்காவுக்கு 'வேணாம்' என்று ஒரு வார்த்தை கிடைத்தது. யார் பேச்சின் வாலும் அல்ல, அவளே எடுத்த வார்த்தை. புதுப் பணக்காரன் போல அதை எல்லா இடத்திலும் செலவு செய்தாள். ரிப்பன் வேணாம். எண்ணெய்க் குளியல் வேணாம். மஞ்சள் பாவாடை வேணாம். ஒரு நாள் எந்தப் பாவாடையும் வேணாம் என்று உள்பாவாடையோடு நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நான் என் சேலைகளில் இரண்டை எடுத்து விரித்தேன். வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டுக் கருநீலத்தில் கையை வைத்தாள். கட்டிவிட்டேன். தலைவாசலைத் தாண்டி அவள் அன்று தெருவில் நடந்தபோது எதிர்வீட்டம்மாள், "இது யாரு, ஊர்லேருந்து வந்த விருந்தாளியா?" என்று கேட்டாள்.

எல்லாம் அழகாக நடந்ததாகச் சொன்னால் பொய். சீனன் கடையில் குடை வாங்கப் போனோம். நல்ல கறுப்புத் துணிக்குடை ஒன்று இருந்தது. அக்கா எடுத்தது காகிதக் குடை. பச்சையும் சிவப்புமாய் மீன் படம் போட்டது. முதல் பெருமழையிலேயே நைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். கறுப்பை விரித்துக் காட்டினேன். தண்ணீர் ஊற்றிக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். காகிதக் குடையைத்தான் அணைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் மழையில் நைந்தது. மீன் சாயம் எல்லாம் கருநீலச் சேலையில் இறங்கியது. நனைந்து நின்றபடி சிரித்தாள். "பாத்தியா, சொன்னேன்ல?" என்று சொல்ல வாய் வரை வந்தது. நான் வாங்கிய காலணிகளில் பாதி காலைக் கடித்தவைதான், அதற்கெல்லாம் எனக்கு யார் பரீட்சை வைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் நடந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை உள்ளூர், சூலியா தெருவில் துணிக்கடையில் வேலை. அக்கா என்னோடு வருவாள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "மாடியில ரெண்டு ரூம் இருக்கு, இருக்கட்டுமே" என்றார். அந்த 'இருக்கட்டுமே'க்காகவே சம்மதித்தேன் என்று அவரிடம் பிறகு பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

அத்தையும் ஊரில் இருக்கும் தன் மகனிடமே திரும்புவது என்று முடிவு செய்துவிட்டாள். இரண்டு மாதத்தில் கப்பல். வீட்டை விட்டுவிட வேண்டும். செய்தி கேட்டு அண்ணன் படகேறி வந்தான். வந்தவன் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "பெரிய தங்கச்சி எங்ககூடத்தான் இருக்கணும். நான் தலைப்புள்ள. அதை உன்னைக் கட்டிக் குடுத்த வீட்டுக்கு அனுப்பினா நாலு பேரு என்னைக் காறித் துப்புவான்" என்றான்.

"நாலு பேருக்காகவா அவள வச்சிக்கப் போறீங்க?" என்றேன்.

"நீ மட்டும்? புருசன் வீட்டுல ஒரு வாய்ச்சண்டை வந்தா அது எங்க போய் நிக்கும்?"

எனக்கு நாக்கில் பதில் இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. இரண்டு பேரும் அவள் மேல் உயிரை வைத்திருந்தோம், இரண்டு பேரும் அவளைக் கேட்கவில்லை. அவள் வாசல் பலகையில் டின் பால் குடித்துக்கொண்டிருந்தாள், எங்கள் குரல் உயரும்போதெல்லாம் குவளையை இறுக்கிப் பிடித்தாள்.

அத்தைதான் நடுவில் புகுந்தாள். "ரெண்டு பேரும் அடிச்சிக்க வேணாம். வெள்ளிக்கிழமை பூப்போட்டுப் பாத்துருவோம். வெள்ள வந்தா அண்ணங்காரன், செவப்பு வந்தா நீ. ஆத்தா சொல்லட்டும்."

"யாரு எடுக்கறது?"

"யாரு எடுப்பா? அவதான்."

அவள் வாழப்போகும் இடத்தை அவள் கையாலேயே, அவளுக்குத் தெரியாமல் எடுக்க வைப்பது! இப்படி ஒரு யோசனை எங்கள் தெருவைத் தவிர வேறு எங்கும் பிறந்திருக்காது.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். பண்டாரம் பொட்டலங்களை மடித்துக் கலைத்து அம்மன் முன் வைத்தார். அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தி, "எடு தாயி" என்றார். அவள் கை நேரே வலது பக்கம் போனது. பிரித்தார். வெள்ளை. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் வைங்க. இடத்த மாத்தி வைங்க" என்றேன்.

"ஆத்தா ஒரு தடவைதாம்மா சொல்லுவா" என்றார் பண்டாரம்.

"சும்மா வைங்க. சிவப்ப வலது பக்கம் வைங்க. நான் சொல்றேன், அதைத்தான் எடுப்பா."

கூட்டம் நெருங்கி வந்தது. வேண்டாவெறுப்பாக வைத்தார். சிவப்பை எடுத்தாள். மறுபடி வெள்ளையை வலது பக்கம் வைத்தார். வெள்ளையை எடுத்தாள். சந்தேகம் தீராமல் அவரே மேலும் ஒரு தரம் மாற்றினார். வலது. நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அவ கையில ஆத்தா உக்காரல. பயம் உக்காந்திருக்கு. சீக்கிரம் எடுன்னு நாம அதட்டி அதட்டி வளத்த கை அது. வலது பக்கம் எது இருந்தாலும் எடுத்துட்டுத் தப்பிச்சிக்கும்" என்றேன்.

 பின்னாலிருந்து பலசரக்குக் கடைக்காரர் குரல் வந்தது. "அப்ப நான் மேடான் பட்டணத்துல கட வைக்காம விட்டது?" அவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள், "எம் மவள அந்தக் குடிகாரனுக்குக் குடுத்தது?" என்றாள். பண்டாரம் விபூதித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆளாளுக்குக் கணக்குப் போட்டு, ஆளாளுக்குக் கத்தினார்கள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். இந்தச் சந்தடியில் அக்காவை யாரும் கவனிக்கவில்லை. அவள் குனிந்து இரண்டு பொட்டலங்களையும் தானே பிரித்து, இரண்டு பூக்களையும் முகர்ந்து பார்த்து, இரண்டையும் தன் தலையில் சொருகிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். "இனிமே எதை வச்சிடி முடிவு பண்றது?"

"அவளையே கேப்போம்."

"கேட்டா கடைசி வார்த்தையைத்தானே சொல்லும்? நீயே சொன்னியே."

"வார்த்தையால கேக்க வேணாம். அங்கயும் இருந்து பாக்கட்டும், எங்கிட்டயும் இருந்து பாக்கட்டும். அப்புறம் கேப்போம்."

 அண்ணன், "கேட்டா, அது சொல்றபடி செய்வியா?" என்று என்னைக் கேட்டான்.

"செய்வேன்" என்றேன். அக்கா என்னைத்தான் சொல்வாள் என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகம் இல்லை. டின் பாலைக் கண்டுபிடித்தவள் நானல்லவா?

கல்யாணம் முடிந்து முதல் சில வாரம் அக்கா என்னோடு இருந்தாள். ராணி மாதிரி வைத்துக்கொண்டேன். காலையில் கண் விழித்ததும் இந்தச் சேலையா அந்தச் சேலையா என்று விரிப்பேன். பசாருக்குப் போனால் இந்தக் கீரையா அந்தக் கீரையா. ஜன்னல் திறக்கவா மூடவா, பாய் இங்கேயா அங்கேயா, வாழைப்பழமா ரம்புத்தானா. ஒவ்வொன்றுக்கும் இரண்டைக் காட்டுவேன், இடம் மாற்றிக் காட்டுவேன், காத்திருப்பேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் மெதுவாக, "கொஞ்ச நேரம் அதைச் சும்மா விடேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு இது புரியாது" என்றேன்.

பிறகு அண்ணன் வந்து அழைத்துப் போனான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான் படகில் அக்கரையில் பிறை என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து ரயிலேறி அவளைப் பார்க்கப் போனேன். குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் திறந்தவெளி. யாருடைய ஆடுகளோ குட்டிகளோடு மேய்ந்தன. அக்கா கருநீலச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, அண்ணனின் பிள்ளைகளோடு வாளியில் ஏதோ கலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள், மறுபடி வாளிக்கே ஓடிவிட்டாள். அண்ணி சமையல்கட்டிலிருந்து, "சாப்பிட வா" என்று கூப்பிட்டாள். அக்கா, "வேணாம்" என்றாள். "வேணாம்னா அப்புறமா வா" என்றுவிட்டு அண்ணி குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். இரண்டு குழம்பு காட்டுவதும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா தானே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். விளிம்பு நசுங்கிய பழைய தகரத் தட்டு.

நான் அதற்கு அர்த்தம் எதுவும் கற்பித்துக்கொள்ளவில்லை. வீட்டை இன்னும் சுத்தமாக வைக்கலாம் என்று அண்ணியைப் பற்றி நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அத்தையின் கப்பலுக்கு முந்தின வாரம் எல்லோரும் பழைய வீட்டில் கூடினோம். எதைக் காட்டிக் கேட்பது என்று எனக்கும் அண்ணனுக்கும் வாக்குவாதம். அவன் ரயில்வேப் பச்சைக் கொடியைக் கொண்டு வந்திருந்தான். "கொடி பளபளன்னு இருக்கு. அதை எடுத்தா கொடிக்காக எடுத்ததா, வீட்டுக்காக எடுத்ததா?" என்று தள்ளிவிட்டேன். கடைசியில் இரண்டு வீட்டிலும் அவள் சாப்பிட்ட தட்டுகளை வைப்பது என்று ஆயிற்று. அண்ணன் வீட்டுத் தட்டு அந்த நசுங்கிய தகரம். என் தட்டு கல்யாணச் சீராக வந்த வெள்ளை இனாமல், நடுவில் ரோஜாப்பூ. இது மட்டும் நியாயமா என்று அண்ணன் கேட்டான். இரண்டும் அவளுக்குப் பழகிய தட்டுதானே என்றேன்.

ஒவ்வொரு தட்டிலும் ஒரே அளவு சோறு வைத்தோம். "இது அண்ணன் வீடு. அங்கயே இருக்கறது. இது தங்கச்சி வீடு. இங்கயே இருக்கறது" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னேன். அக்கா தட்டுகளைப் பார்த்தாள். கை எழவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை.  அக்கா நசுங்கிய தட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

மாலையில் இடம் மாற்றிக் கேட்டேன். நசுங்கிய தட்டு. மறுநாள், சொல்கிற வரிசையை மாற்றிக் கேட்டேன். நசுங்கிய தட்டு.

"பிள்ளைங்க இருக்குல்ல, அதான்" என்றாள் அத்தை. "ரயில் பாக்கப் பிடிச்சிருக்கு" என்றான் அண்ணன். "ஆட்டுக்குட்டிதாம்மா, வேற என்ன?" என்றாள் அண்ணி.  எனக்கு வலித்தது. ஆட்டுக்குட்டியிடம் தோற்றேனா என்று வலித்தது. எதற்காக என்று அவளைக் கேட்க வழியும் இல்லை. கோப்பி ஏன் பிடிக்கும் என்று என்னை யாராவது கேட்டால் நான் மட்டும் என்ன சொல்வேன்?

அக்கா புறப்படும் நாள் காலை அண்ணன் ரிக்‌ஷா பிடிக்கப் போயிருந்தான். அத்தை பின்கட்டில் இருந்தாள். அடுப்படியில் நானும் அக்காவும் மட்டும். டின் பாலைக் கரைத்துக் கொடுத்தேன். குடித்து முடித்து வாயைத் துடைத்தாள். என்னால் அடக்க முடியவில்லை. இரண்டு தட்டுகளையும் மறுபடி எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ரோஜாப்பூத் தட்டை வலது பக்கம் வைத்தேன். தட்டைத் துடைத்து, வெளிச்சம் படுகிற மாதிரி திருப்பி, அவளுக்குப் பிடித்த ரம்புத்தான் ஒன்றையும் அதில் வைத்தேன். கோயிலில் நான் பேசிய பேச்சு அப்போது என் நினைவில் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"அக்கா, ஒரே ஒரு தரம். எது?"

அவள் வலது கை எழுந்தது. ரோஜாப்பூத் தட்டின் மேல் வந்தது.  கை அங்கே நிற்கவில்லை. தட்டைத் தாண்டி, தன் மார்புக்குக் குறுக்கே இடது பக்கம் போய், நசுங்கிய விளிம்பைப் பிடித்தது. தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக என்னைக் கோபமாகப் பார்த்தாள். அது என் கோபம்தான், எங்கள் வீட்டு மூக்குதான்.

"சொல்லிட்டேன்லா" என்றாள்.

அது யாருடைய கடைசி வார்த்தையும் அல்ல. நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அடுப்படியில் வேறு யாரும் இல்லை.

ரம்புத்தானை உரித்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. தகரத் தட்டை அவளே சேலை மூட்டைக்குள் வைத்து முடிச்சுப் போட்டாள், முடிச்சு அவிழ்ந்தது, மறுபடி போட்டாள். நான் உதவிக்குக் கையை நீட்டவில்லை.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.